பெரட்டில் இல்லாத பெயர்

2025 ஜூலை 11, வெள்ளி. பிரிக்பீல்ட்ஸ்.

அண்ணன் மகள் வேலை முடிந்து வந்து குளித்ததுமே, "அத்தை, இன்னிக்கி சீரியல் வேணாம், ஒரு ஸ்பானியப் படம் இருக்கு, பாப்போம்" என்றாள். பெத்ரோ அல்மோதோவார் 2021-இல் எடுத்த 'பேரலல் மதர்ஸ்'. பெனலோப்பி குரூஸ் நடித்தது. அதற்காக வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கினாராம்.

மத்ரீத் நகரத்தில் ஜானிஸ் என்றொரு புகைப்படக்காரி. 1936-இல் உள்நாட்டுப் போர் தொடங்கிய கையோடு அவளுடைய கொள்ளுத்தாத்தாவையும் ஊர் ஆண்கள் சிலரையும் பிடித்துக்கொண்டுபோய்ச் சுட்டு ஒரே குழியில் போட்டுவிட்டார்கள். அந்தக் குழியைத் தோண்ட வேண்டும் என்று ஒரு தடயவியல் ஆளைப் பிடிக்கிறாள். அவனோடு பழக்கமாகிப் பிள்ளை உண்டாகிறது. பிரசவ வார்டில் பக்கத்துக் கட்டிலில் இன்னொரு சின்னப் பெண். இரண்டு குழந்தைகளும் மாறிப்போகின்றன. அப்புறம் ரொம்ப நேரத்துக்குப் படம் குழியை மறந்துவிட்டுக் குழந்தைகளின் பின்னால் ஓடுகிறது. கடைசியில்தான் குழிக்குத் திரும்புகிறது.

நடுப்பகுதி நம் தொலைக்காட்சித் தொடர்தான். சமையலறை மட்டும் அழகு. ஆனால் அதே சமையலறையில் ஒரு இடம் வருகிறது. பழையதை எல்லாம் எதற்குக் கிளற வேண்டும் என்கிற மாதிரி அந்தச் சின்னப் பெண் பேச, ஜானிஸ் பொங்கிவிடுகிறாள். அந்த ஒரு இடத்துக்காக மற்றதைப் பொறுத்துக்கொள்ளலாம். முடிவில், செத்துப்போனவர்களின் படங்களை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஊர்ப் பெண்கள் வயல் பாதையில் நடந்து வருகிறார்கள். பலரும் வயதானவர்கள், காலில் சாதாரணச் செருப்பு. அழுகைச் சத்தம் பெரிதாக வைக்காதது நல்லதாயிற்று.

1939-இல் ஜெயித்த பிராங்கோ 1975 நவம்பர் 20-இல் சாகும்வரை நாட்டை ஆண்டார். 1977-இல் ஒரு பொதுமன்னிப்புச் சட்டம் வந்து, செய்தவன், பட்டவன் இருவர் கணக்கையும் ஒன்றாக மூடிவிட்டது. 2000-இல் எமிலியோ சில்வா என்பவர் தன் தாத்தாவோடு சேர்த்துப் பதிமூன்று பேரைச் சாலையோரக் குழி ஒன்றிலிருந்து எடுக்க வைத்தார். ஊர் ஊராகப் பேரப்பிள்ளைகள் மண்வெட்டியோடு கிளம்பியது அதற்குப் பிறகுதான். இன்னும் ஒரு லட்சம் பேருக்கு மேல் குழிகளில் கிடக்கிறார்கள் என்கிறார்கள். பிராங்கோவுக்கு மட்டும் மலையைக் குடைந்து நினைவாலயம். 2019-இல்தான் அங்கிருந்து பெட்டியை வெளியே எடுத்தார்கள்.

படம் முடிந்ததும், "நம்ம வீட்லயும் ஒரு கொள்ளுத்தாத்தா இருக்காருல்ல அத்தை?" என்றாள். நாளைக் காலையில் கிள்ளானுக்குப் போக வேண்டும், பேசாமல் தூங்கு என்றேன்.

ஜூலை 12, சனி. கிள்ளான்.

கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறி பாடாங் ஜாவா தாண்டும்போதே இவள் போனில் படத்தைத் தயாராக வைத்துக்கொண்டாள். பாட்டிக்குக் காட்டியே தீர வேண்டுமாம்.

அண்ணன் வீடு காப்பார் சாலையில் ஒரு தாமானில் இருக்கிறது. முன்னே ரப்பர், பிறகு செம்பனை, இப்போது இரட்டைமாடி வீடுகள். அம்மா பிறந்த லயம் இங்கிருந்து மூன்று கல் தள்ளி இருந்தது. இருந்த இடத்தில் இப்போது கிடங்கு.

அம்மாவுக்கு 84 வயது. மடியில் முறத்தை வைத்துச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே படம் பார்த்தார். பேத்தி நிறுத்தி நிறுத்தித் தமிழில் கதை சொன்னாள். குழியைப் பற்றி அம்மா ஒன்றும் கேட்கவில்லை. குழந்தை மாறிய இடத்தில்தான் நிமிர்ந்தார். "புள்ள தன்னுது இல்லன்னு தெரிஞ்சும் வாயத் தொறக்க மாட்டேங்கறா பாரு" என்று பெனலோப்பி குரூஸைத் திட்டினார். கடைசியில் எலும்புகள் வந்தபோது கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"இன்னாரு எலும்புதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறாங்க?"

"வாயில பஞ்சு வச்சு எச்சி எடுப்பாங்க பாட்டி. சொந்தக்காரங்களோட ஒத்துப் பாப்பாங்க."

"அது சரி. குழி எங்கன்னு எவனாச்சும் பாத்தவன் சொன்னாத்தானே தோண்டவே முடியும்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "எங்கப்பனக் கடைசியா பாத்த ஆளு ஒருத்தன்தான். அவன்தான் வந்து எங்கம்மாவச் சேத்துக்கிட்டான்."

மாமா அப்போது சாப்பாட்டு மேசையில் தே ஓ குடித்துக்கொண்டிருந்தார். வாழைப்பழ பஜ்ஜி வாங்கி வந்திருந்தார், வழக்கம்போல. அம்மாவுக்கு ஒரே தம்பி, ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர், தகப்பன் வேறு. அம்மா சொன்ன அந்த ஆள்தான் அவருடைய தகப்பனார். கிளாஸை வைத்தார், ஹெல்மெட்டை எடுத்தார், மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். 77 வயதில் அந்த வேகம் ஆகாது.

"நான் தப்பா ஒண்ணும் சொல்லலியே" என்று அம்மா மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டார்.

ஜூலை 14, திங்கள். பிரிக்பீல்ட்ஸ்.

நூலகத்தில் வேலை பார்த்த காலத்தில், தாத்தாவைக் கொண்டுபோன சயாம் மரண ரயிலைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததை எல்லாம் படித்தவள் நான். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டு நாவலும் இப்போதும் அலமாரியில் இருக்கின்றன. சீ. அருண் தகவல் திரட்டி எழுதிய நூலும் இருந்தது. யாரோ வாங்கிப் போனார்கள், திரும்பவில்லை. அண்ணன் மகளுக்குப் படிக்கப் பொறுமை இல்லை, கேட்கத்தான் ஆசை. சோறு தின்றபடியே சொன்னேன்.

1942 ஜனவரி 11-இல் ஜப்பான்காரன் கோலாலம்பூருக்குள் வந்தான். பர்மாவில் இருந்த படைக்குச் சாமான் அனுப்பக் கடல்வழி ஆபத்தாகிவிட்டதால், சயாமிலிருந்து காட்டையும் மலையையும் வெட்டி 415 கிலோமீட்டருக்குத் தண்டவாளம் போட முடிவெடுத்தான். 1943 அக்டோபரில் இரு பக்கத்துப் பாதைகளும் ஒன்று சேர்ந்தன. வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் சுமார் 60 ஆயிரம் பேர். ஆசியக் கூலிகள் அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். மலாயாவிலிருந்து மட்டும் 70 ஆயிரத்துக்கு மேல், அதில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். ஆசியத் தொழிலாளர்களில் செத்தவர்கள் தொண்ணூறாயிரம் அளவில் இருக்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவனவன் மதிப்பீடு அவனவனுக்கு. பெயர்ப் பதிவு இருந்திருந்தால் மதிப்பீடு எதற்கு?

மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு, மருந்து எல்லாம் உண்டு என்று முதலில் ஆசை காட்டினார்கள். ஆள் போதாதபோது பிடித்தார்கள். ஒவ்வொரு தோட்டமும் இத்தனை பேர் அனுப்ப வேண்டும் என்று கணக்கு வந்தது. கிராணியும் கங்காணியும் யாரை அனுப்புவது, யாரை ஒளித்துவைப்பது என்று முடிவு பண்ணினார்கள். பலருக்குப் பழைய வஞ்சம் தீர்க்க அதுவே வசதியாகிவிட்டது. ஊருக்குள் இன்னொரு வழி. இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று சொல்லிக் கொட்டகையை நிரப்பி, கதவை அடைத்து, உள்ளே இருந்த ஆண்களை அப்படியே ரயிலேற்றினார்கள்.

"படம் பாக்கப் போனவங்களயா?" என்று அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

ஆமாம், படம் பார்க்கப் போனவர்களைத்தான். சாமான் ஏற்றும் இரும்புப் பெட்டிகளில் நாலைந்து நாள். பான் போங்கில் இறக்கி, அங்கிருந்து காட்டுக்குள் நடை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. வெள்ளைக் கைதிகளிடமாவது சொந்த மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள், யார் எப்போது செத்தான் என்று ஒளித்து ஒளித்து எழுதிவைத்தார்கள். காஞ்சனபுரி கல்லறையில் இன்றைக்கு ஏறக்குறைய 7 ஆயிரம் பேருக்குத் தனித்தனிக் கல் இருக்கிறது என்றால் அந்தக் காகிதங்கள்தான் காரணம். நம்மவர்களுக்கு எழுதிவைக்க யாரும் இல்லை. தோட்டத்தில் தினமும் விடியற்காலை பெரட்டில் பேர் சொல்லிக் கூப்பிடப்பட்டவர்கள், அங்கே தலைக்கணக்கு ஆனார்கள். 1990-இல் காஞ்சனபுரிக்குப் பக்கத்தில் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. ஒன்றுக்கும் பெயர் கிடையாது. பெயரில்லாதவர்களுக்காக அங்கே வாட் தாவோர்ன் கோயிலில் ஒரு தூபி நிற்கிறது.

ஜானிஸின் ஊரில் யார் யார் அந்தக் குழிக்குள் கிடக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அதுதான் வித்தியாசம் என்றேன். பருப்பு ஆறிப்போயிருந்தது.

ஜூலை 16, புதன்.

காலையிலிருந்து பாட்டியின் நினைப்பாகவே இருக்கிறது. அம்மாவின் அம்மா.

தாத்தாவை 1943-இல் கொண்டுபோனார்கள். அம்மாவுக்கு அப்போது இரண்டு வயது. தகப்பன் முகம் நினைவில்லை, அவர் சைக்கிளைப் பற்றிப் பாட்டி சொன்னதுதான் தெரியும். அந்தச் சைக்கிளுக்குப் பெருமை உண்டு. 1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்கள் எல்லாம் ஆர்.எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க மாட்டோம். நாதனை மே மாதம் பிடித்தார்கள், பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். அதற்குப் பிறகும் தாத்தா துரைக்கு இறங்கவில்லை என்று பாட்டி சொல்வார். நிஜமா, ஆசையா, யார் கண்டது. ஜப்பான்காரன் காலத்தில் அந்தச் சைக்கிள் அரிசிக்குப் போயிற்று. தோடு போயிற்று, மூக்குத்தி போயிற்று, கல்யாணச் சேலை போயிற்று. தாலி மட்டும் போகவில்லை.

1946 தொடக்கத்தில் ஒருவர் திரும்பி வந்தார். அதே லயத்துக்காரர், தாத்தாவோடு ஒரே வண்டியில் போனவர். வலது காலில் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை ஒரு புண். மூங்கில் கீறினால்கூட அங்கே புண்ணாகி எலும்பு தெரியும்வரை தின்றுவிடுமாம். கிள்ளான் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தார். தழும்பை நான் பார்த்திருக்கிறேன். தோல் அங்கே மெழுகு மாதிரி பளபளக்கும், முடி முளைக்காது, மழை வந்தால் அரிக்கும். நாங்கள் அவரைச் சின்னத் தாத்தா என்று கூப்பிட்டோம். அம்மா கடைசிவரை சித்தப்பா என்றுதான் கூப்பிட்டார். அப்பா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

அவர்தான் பாட்டியோடு சேர்ந்து வாழ்ந்தார். தோட்டத்தில் இது புதுமை இல்லை. போனவன் வராமல் பிள்ளைகளோடு நின்ற பெண்கள் வேறு ஒருவரோடு போனார்கள். சில வீடுகளில் போனவனே மூன்று வருடம் கழித்து எலும்பும் தோலுமாக வாசலில் வந்து நின்றான், உள்ளே இன்னொருவன் இருந்தான். அடிதடியும் நடந்தது, பேசாமல் திரும்பி வேறு தோட்டத்துக்குப் போனவர்களும் உண்டு. இதை யாரும் படமாக எடுக்கவில்லை. எடுத்தால் அல்மோதோவாருக்குக் குழந்தை மாற வேண்டிய அவசியமே இருக்காது.

சின்னத் தாத்தா பாட்டிக்குத் தாலி கட்டவில்லை. பழைய தாலியையும் கழற்றச் சொல்லவில்லை. தாத்தா கட்டிய தாலியோடுதான் பாட்டி இவரோடு முப்பத்தைந்து வருடம் குடித்தனம் செய்தார். மாமா பிறந்தார், லயத்தைவிட்டுக் கிள்ளானுக்கு வந்தார்கள், அம்மாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. அந்தத் தாலிக்கு வருடா வருடம் ஆடிப்பெருக்கன்று பாட்டி கயிறு மாற்றுவார். சின்னத் தாத்தா அன்று கடைத்தெருவுக்குப் போய்விடுவார்.

1981-இல் அவர் இறந்தார். எனக்கு 16 வயது, கூடவே இருந்தேன். பதினாறாம் நாளுக்கு முந்தைய இரவு, வந்திருந்த பெரியம்மாக்களுக்குள் குசுகுசுப்பு. இது அவன் கட்டினது, இவன் சாவுக்கு எப்படி அறுக்கிறது? கட்டினவன் செத்தானா இல்லையா என்றே தெரியாதே? ஒருத்தி, முன்னவன் எங்காவது உயிரோடு இருந்தால் பாவம் என்றாள். பாட்டி மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் பால் கிண்ணம் கொண்டுவரவில்லை, நேரமும் ஆகவில்லை. தலைக்குமேல் கயிற்றை எடுத்துக் கழற்றி, அலமாரிக்குள் இருந்த பால்பவுடர் டின்னில் போட்டு மூடினார். "யாருக்குன்னு எனக்குத் தெரியும், போய்த் தூங்குங்க" என்றார்.

அந்த டின் இப்போது அம்மாவிடம் இருக்கிறது.

ஜூலை 18, வெள்ளி.

மாமா போனை எடுக்கவில்லை. அவர் மகனிடம் பேசினேன், "அப்பா மூட் சரியில்ல" என்று முடித்துவிட்டான்.

அண்ணன் மகள் எங்கேயோ படித்துவிட்டு வந்து, ஜப்பான் நஷ்டஈடு கொடுத்ததா என்று கேட்டாள். 1967-இல் 25 மில்லியன் மலேசிய டாலருக்கு ஒப்பந்தம், அதுவும் இரண்டு கப்பலாக என்றேன். கப்பலா என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலுவலகத்தில் வருமான வரிப் பாரம் நிரப்பும் பெண் அவள், அவளுக்கு எல்லாத் தொகையும் ஒரு பெட்டிக்குள் எழுதும் எண்தான்.

ஜூலை 19, சனி.

கிள்ளானுக்குப் போகவில்லை. மழை, கூடவே முழங்கால் வலி. ஸ்பானியப் படம் என்றால் இனி அத்தைக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டாள் போல, இன்னொன்று போட்டாள். கார்லோஸ் சௌராவின் 'க்ரியா குவேர்வோஸ்'. பிராங்கோ உயிரோடு இருந்தபோது எடுத்து, அவர் செத்து இரண்டு மாதம் கழித்து 1976 ஜனவரியில் வெளியான படம். அந்த வருடம் கானில் நடுவர் சிறப்புப் பரிசு வாங்கியது.

இதில் போர் இல்லை, குழி இல்லை. மத்ரீதில் ஒரு பெரிய பழைய வீடு, மூன்று பெண் குழந்தைகள், அவர்களை வளர்க்க வந்த சித்தி. அம்மா நோயில் செத்துவிட்டாள். அப்பா ராணுவ அதிகாரி, முதல் காட்சியிலேயே வேறொருத்தியோடு படுத்திருக்கையில் செத்துப்போகிறார். நடுப்பெண் ஆனா அந்த அறைக்குள் போய், அப்பா குடித்த கிளாஸை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கழுவி, மற்றக் கிளாஸ்களோடு கலந்து வைக்கிறாள். தான் கலந்த விஷப்பொடிதான் அவரைக் கொன்றது என்று அவளுக்கு நிச்சயம். உண்மையில் அது வெறும் சோடா உப்பு. சின்னப் பிள்ளை கிளாஸ் கழுவும் அந்த நிதானம் வயிற்றைக் கலக்கிற்று. ஆனா டொர்ரென்ட் என்ற அந்தச் சிறுமியின் கண்ணைப் பார்த்துவிட்டுப் பெரிய நடிகைகள் எல்லாம் சும்மா இருக்கலாம்.

அந்த வீட்டில் ஒரு பாட்டி. பக்கவாதம், பேச்சு கிடையாது, சக்கர நாற்காலி. சுவரில் ஒட்டிய பழைய புகைப்படங்களுக்கு முன் கொண்டுபோய் விட்டால் போதும், நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டில் அப்பாவைப் பற்றி யாரும் வெளிப்படையாகத் தப்பாகப் பேசுவதில்லை. சீருடை, மரியாதை, சாப்பாட்டு மேசையில் முழங்கை வைக்கக் கூடாது என்ற கண்டிப்பு. சர்வாதிகாரம் வீட்டுக்குள் எப்படி நுழைந்து உட்கார்ந்திருக்கும் என்று காட்ட இதற்கு மேல் வேண்டியதில்லை. அண்ணன் மகளுக்குப் படம் மெதுவாகப் போகிறதாம். எனக்கு இதுதான் முதல் படத்தைவிட உசத்தி. எலும்பை எடுத்து அடக்கம் பண்ணினால் ஒரு கதை முடியும். அந்த வீட்டில் முடிகிற கதையே இல்லை, பள்ளிக்கூடம் திறக்கிறது, பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு போகிறார்கள்.

ஜூலை 21, திங்கள். கிள்ளான்.

அம்மாவே கூப்பிட்டார். வியாழக்கிழமை ஆடி அமாவாசை, மாமா எப்போதும்போல மோரிப் கடற்கரையில் தன் அப்பாவுக்குத் திதி கொடுப்பார், இந்தத் தடவை அங்கே எங்கப்பன் பேரையும் சொல்லச் சொல்லு என்றார். ஏம்மா இத்தனை வருஷம் இல்லாமல் இப்போது என்றால், "அந்தப் படத்துல ஒவ்வொருத்தியும் போட்டோவத் தூக்கிட்டு வந்தாளுங்கல்ல. எங்கிட்ட போட்டோவும் இல்ல. பேரயாச்சும் எவனாவது ஒருக்கா சத்தமா சொல்லட்டும்" என்கிறார்.

மாமா வீடு தெங்கு கிளானா சாலைக்குப் பின்பக்கம். பூக்கடை வாசமும் பலகாரக் கடை எண்ணெய் வாசமும் வரவேற்பறை வரை வரும். மாமி முறுக்கு வைத்தார். மாமா தொலைக்காட்சியை அணைக்கவில்லை.

"எங்கப்பன் பொய் சொல்லி ஒங்க பாட்டியச் சேத்துக்கிட்டான்னு நெனைக்குதா அக்கா? நேரடியாச் சொல்லட்டும்."

அப்படி அம்மா சொல்லவில்லை மாமா என்றேன். அவர் ஐசியைப் பற்றி, அம்மாவின் அடையாள அட்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். போரில் அம்மாவின் பிறப்புக் காகிதம் தொலைந்துவிட்டது. தோட்டத்துப் பள்ளியில் சேர்க்கப்போனபோது வாத்தியார் தகப்பன் பெயர் கேட்டார், சின்னத் தாத்தா தன் பெயரைக் கொடுத்தார். பிறகு பன்னிரண்டு வயதில் ஐசி எடுத்தபோதும் அதே பெயர் ஏறிற்று. அம்மாவின் பெயருக்குப் பின்னால் அ/பெ போட்டு இன்றுவரை நிற்பது அந்தப் பெயர்தான். "அப்பன் இல்லாத புள்ளன்னு யாரும் சொல்லக் கூடாதுன்னு செஞ்சாரு. அது குத்தமா?"

குற்றம் என்று எனக்கும் சொல்ல வரவில்லை. ஆனால் சயாமில் ஒருதரம் எழுதப்படாமல் போன பெயர், மகளின் அட்டையிலும் எழுதப்படாமல் போயிற்று. இதை மாமாவிடம் சொல்லவில்லை. முறுக்கு நன்றாக இருந்தது, அதைச் சொன்னேன்.

எழும்பும்போது, "வியாழக்கிழம ஏழு மணிக்குக் கிளம்பணும், அக்காவ ரெடியா இருக்கச் சொல்லு" என்றார்.

ஜூலை 24, வியாழன். மோரிப்.

ஏழு மணி ஒன்பது மணியாகி, பந்திங்கைத் தாண்டி மோரிப் சேர்வதற்குள் கடல் வெகுதூரம் உள்ளே போய்விட்டது. இந்தக் கரை அப்படி. தண்ணீர் இறங்கினால் கண்ணுக்கெட்டும் தூரம் சேறுதான். 1945 செப்டம்பர் 9-ஆம் தேதி வெள்ளைக்காரன் திரும்பி வந்து இறங்கியது இதே கரையில். வண்டிகள் சேற்றில் புதைந்து திண்டாடினார்கள் என்று படித்திருக்கிறேன். அதற்குள் ஜப்பான்காரன் சரணடைந்துவிட்டதால் பிழைத்தார்கள்.

சவுக்கு மரத்தடியில் வரிசையாகப் பண்டாரங்கள், ஒவ்வொருவர் முன்னாலும் ஏழெட்டுக் குடும்பம். எங்கள் ஆள் ஒரு பிளாஸ்டிக் வாளியில் முன்கூட்டியே கடல் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார். விவரமானவர். வாழையிலை, எள், தர்ப்பை, பச்சரிசிப் பிண்டம். அம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

"அப்பா பேரு சொல்லுங்க."

மாமா வாயெடுப்பதற்குள் அம்மா விஷயத்தைச் சொன்னார். பண்டாரம் அலட்டிக்கொள்ளவில்லை. "அதுக்கென்ன, கடைசியில நண்பர்கள், வேண்டியவங்கன்னு ஒரு பங்கு உண்டு, அதுல சேத்துருவோம்."

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. கடைசியிலா? மாமா அதைப் பார்த்தார். கையில் எள்ளும் தண்ணீரும் இருந்தது, விரலிடுக்கில் கசிந்துகொண்டிருந்தது. அக்காவின் அப்பன் பெயரை முதலில் சொன்னார். பண்டாரம் முறை மாறுதே என்றார். "மாறட்டும், நீங்க சொல்லுங்க" என்று மாமா மறுபடியும் அந்தப் பெயரை, பக்கத்து இலைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி, சொன்னார். பிறகுதான் தன் தகப்பனார் பெயர்.

எல்லாம் முடிந்து, ஒட்டுக்கடையில் இளநீர் குடிக்கும்போது மாமா தானாகவே பேசினார்.

"அக்கா, அப்பா சாகறதுக்கு முந்தி எங்கிட்ட ஒண்ணு சொன்னாரு. ஒங்கப்பா செத்தத அவரு பாக்கல. காலராக் கொட்டகைக்குத் தூக்கிட்டுப் போனதத்தான் பாத்தாரு. மறுநாளு இவங்கள அடுத்த கேம்புக்கு நடத்திட்டானுங்க. அங்க போனவங்க யாரும் திரும்பி வந்தது இல்ல, ஆனா கண்ணால பாக்கல."

நான் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இளநீர்க் குழாயை வாயிலிருந்து எடுத்தார்.

"தெரியும்டா தம்பி. வந்த அன்னிக்கே எங்கம்மா கேட்டுட்டா. அன்னிக்கே இதத்தான் சொன்னாரு. ஒரு வார்த்த கூட்டல, கொறைக்கல."

"அப்ப இத்தன வருஷமா அவரு மேல என்ன கோவம்?"

"பாத்தேன், எங்கையால பொதச்சேன்னு பொய்யாவாச்சும் சொல்லியிருக்கலாம்ல. எங்கம்மா அந்தக் கயித்தக் கழுத்துல போட்டுக்கிட்டு முப்பத்தஞ்சு வருஷம் வாசலப் பாத்திருக்க வேணாம்."

மாமா பதில் சொல்லவில்லை. பேத்தி இளநீருக்குக் காசு கொடுக்கப் போனாள். வெயில் ஏறிவிட்டது, சேற்றின் மேல் நண்டு பொறுக்கும் பையன்கள் இறங்கியிருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பந்திங்கில் நிறுத்துவதா நேராகக் கிள்ளானா என்று அண்ணனும் மாமாவும் வாக்குவாதம் செய்துகொண்டே காருக்கு நடந்தார்கள்.

ஜூலை 26, சனி. கிள்ளான்.

அம்மாவுக்குக் காஞ்சனபுரி போக வேண்டுமாம். அந்தத் தூபியில் மாலை போட வேண்டுமாம். கோலாலம்பூரில் 'டெத் ரயில்வே இன்ட்ரஸ்ட் குரூப்' என்று ஒரு குழு இந்தக் குடும்பங்களின் கதைகளைத் திரட்டிக்கொண்டிருக்கிறது. பேத்தி அவர்களுக்கு எழுதியிருக்கிறாள். தாத்தாவின் பெயர், தோட்டத்தின் பெயர், சின்னத் தாத்தா சொன்ன கொட்டகைக் கதை, எல்லாவற்றையும் அம்மாவைச் சொல்லவிட்டுப் போனில் பதிந்தாள். வீட்டில் இதை முதன்முதலாக யாரோ எழுதி வைக்கிறார்கள்.

அம்மாவின் பாஸ்போர்ட் காலாவதியாகி வருடக்கணக்காகிறது. புதுப்பித்தால் மறுபடியும் சின்னத் தாத்தா பெயர்தான் அச்சாகி வரும். சத்தியப்பிரமாணம் செய்து மாற்ற முயலலாம் என்றாள் பேத்தி. அதற்கு எத்தனை மாதம் அலைய வேண்டுமோ என்றார் மாமா. 84 வயசுல எதுக்குடி வரிசையில நிக்கிறது, மொதல்ல பாஸ்போர்ட்ட எடு என்றார் அம்மா.

மாமாவும் வருகிறார். வழியெல்லாம் அவரே போட்டுவைத்துவிட்டார். கேஎல் சென்ட்ரலிலிருந்து பாடாங் பெசார் வரை ஈடிஎஸ், அங்கிருந்து தாய்லாந்து ரயில், படுக்கை வசதி உண்டு.

"ரயில் வேணாம்" என்றார் அம்மா. "பஸ்ல போவோம்."

ஹாட்யாய்க்குப் பஸ் கட்டணம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். மாமிக்குப் பஸ்ஸில் வாந்தி வரும், அவர் வரவில்லை.